மேஸ்திரியின் சொந்த வீடு

வைத்தியன் பிள்ளை சீக்கு, வாத்தியார் பிள்ளை மக்கு என்று நம் ஊரில் ஒரு வசனம் உண்டு. இதோடு மேஸ்திரியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு வெகு நாளாக ஓர் எண்ணம். ஊரெல்லாம் மாடி கட்டுகிற மேஸ்திரி பெரும்பாலும் ஓலைக் குடிசையிலோ, சீமை ஓட்டின் கீழோதான் இருப்பார். கட்டத் தெரியாததால் அல்ல. கட்டக் கையில் காசில்லாததால். ஆகையால் அவரைப் பரிகாசம் செய்வது பாவம். ஆனால் காசும் இருந்து, படிப்பும் இருந்து, ஊருக்கெல்லாம் கட்டடப் படம் போட்டுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தாங்கள் உட்காருவதற்கு எப்படிப்பட்ட இடத்தைத் தேடிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதில் தவறில்லை. சமையற்காரர் பந்தியில் எதைப் பரிமாறுகிறார் என்று பார்த்தால் போதாது. பந்தியெல்லாம் முடிந்த பிறகு தமக்கென்று எதை எடுத்து வைத்துக்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும். சமையலைப் பற்றிய உண்மை அந்த இலையில்தான் இருக்கிறது.

இந்த யோசனை இப்போது தலைதூக்கியதற்குக் காரணம் திருவள்ளூரில் இருக்கும் எங்கள் தாத்தா வீடு. வீரராகவப் பெருமாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். அமாவாசை தோறும் குளத்தில் வெல்லம் கரைக்க வருகிற ஜனங்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்ப்பது வழக்கம். யாரையும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை. அந்த வீட்டில் இப்போது அக்கா மட்டும் இருக்கிறாள். தம்பி பெங்களூரில்; நான் சென்னையில். வீடு மூன்று பேருக்கும் பொதுச் சொத்து. பொதுச் சொத்து என்றால், ஒழுகுகிற இடத்தை அடைக்கும் பொறுப்பு எவருக்கும் தனியாகக் கிடையாது என்று அர்த்தம்.

சென்ற வருஷ மழையில் கூடத்து மச்சு ஒழுகியது. தம்பி ஓர் இஞ்சினீயரை அழைத்து வந்தான். அவர் ஐந்து நிமிஷம் அண்ணாந்து பார்த்தார். சுவரை விரல் மடக்கித் தட்டினார். காரை கொஞ்சம் உதிர்ந்தது.

"இடிச்சுடுங்க சார். கீழே கார் நிறுத்த இடம், மேலே எட்டு பிளாட். ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கலாம்" என்றார்.

நாடி பிடித்துப் பார்க்காமலே சங்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டார் என்று அக்காவுக்குக் கோபம். தம்பிக்கு அந்தக் கோபம் வரவில்லை. அவன் மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய வருஷம் அது.

அதே மாதத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. இரண்டு இளைஞர்களும் ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்துகிற சிறிய கட்டடக் கலைக் கம்பெனி ஒன்று எழுதியிருந்தது. சென்னையில் ஒரு கண்ணாடி மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலையெல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையிலும் ஜில்லாவின் மற்றத் தொழிற்பேட்டைகளிலுமாம். எங்கள் வீட்டைப் பத்து வருஷக் குத்தகைக்குக் கொடுத்தால், தாங்களே பழுது பார்த்து ஆபீஸாக வைத்துக்கொள்வதாகவும், செலவில் ஒரு பங்கை மாத வாடகையில் கழித்துக்கொள்வதாகவும், பின்கட்டில் அக்கா எப்போதும் போல இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

தம்பியிடம் டெலிபோனில் படித்துக் காட்டினேன். "படிச்சவங்களே பழைய வீட்டைக் கேக்கறாங்கன்னா, ஒண்ணு அதுலே விஷயம் இருக்கணும், இல்லே அவங்க கிட்டே பணம் இல்லாம இருக்கணும். எதுன்னு பார்த்துச் சொல்லு" என்றான்.

இதைப் பார்ப்பதற்கு நான் முதலில் போன இடம் சேப்பாக்கம்.

தமிழ்நாட்டில் கட்டடம் கட்டுகிறவர்களில் எல்லோரையும்விடப் பெரிய மேஸ்திரி பொதுப்பணித் துறை. 1858-இல் ஏற்பட்ட இலாகா. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கச்சேரி என்று அது கட்டாத ஊர் கிடையாது. அந்தப் பெரிய மேஸ்திரி தான் குடியிருப்பதற்குத் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய அரண்மனை வளாகத்தை. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்தது சேப்பாக்கம் அரண்மனை. கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்ற இங்கிலீஷ்காரர் என்று சொல்கிறார்கள். இந்தப் பென்ஃபீல்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களிலும் முதல் வரிசைக்காரர். வீடும் கட்டிக் கொடுத்து, கடனும் கொடுக்கிற இந்தக் காலத்து வியாபாரம் ஒன்றும் புதிதல்ல என்று தெரிகிறது. முடிவும் புதிதல்ல. 1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் காலமானார். கம்பெனியார் பட்டத்தை ஒழித்தார்கள். கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. சர்க்காரே எடுத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில் அதை இடித்துத் தள்ளிவிட்டு வேறு கட்டியிருந்தால் கேட்பாரில்லை. நவாபே இல்லை; பிறகு யார் கேட்பது? ஆனால் 1865-இல் சென்னைக்கு வந்த ராபர்ட் சிசோம் என்ற கட்டடக் கலைஞர், மாகாண சர்க்காருக்கு ஆலோசகராக இருந்தவர், வேறு விதமாகச் செய்தார். கலச மகால், ஹுமாயூன் மகால் என்று அங்கே இரண்டு மாளிகைகள். அவற்றை வைத்துக்கொண்டே நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பினார். கடற்கரைப் பக்கமாகப் பொதுப்பணித் துறைக்கும் ரெவின்யூ போர்டுக்கும் கட்டடம் சேர்த்தபோது, பழைய மாளிகையின் வளைவுகளுக்கும் வண்ணத்துக்கும் இசைந்தபடியே அதைக் கட்டினார். மாநிலக் கல்லூரியையும் செனட் ஹவுஸையும் புதிதாகக் கட்டியவரும் அவர்தான்; மதுரையில் இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட்டவரும் அவர்தான். புதிதாகக் கட்டத் தெரிந்தவர் பழையதைத் தொட அஞ்சவில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். தொடத் தெரியாதவர்கள்தான் முதலில் இடிக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த அரண்மனைக்கு வந்த பெரிய சோதனை வெள்ளைக்காரர் காலத்தில் அல்ல. 2012 ஜனவரி 16-ஆம் தேதி, பொங்கல் விடுமுறையில், கலச மகால் தீப்பற்றி எரிந்தது. தொழில் வணிகத் துறை முதலிய ஆபீஸுகள் உள்ளே இருந்தன. காகிதத்துக்கும் காய்ந்த மர உத்திரத்துக்கும் நடுவே நெருப்பு புகுந்தால் கேட்க வேண்டுமா? மச்சு இடிந்து விழுந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். வெறும் சுவர்கள் மட்டும் கரி படிந்து நின்றன. இனி இடிப்பதுதான் வழி என்ற பேச்சும் எழுந்தது. எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இடிக்கவில்லை. பொதுப்பணித் துறையே அடுத்த சில ஆண்டுகளில் அதைப் பழைய முறையிலேயே மீட்டது. சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சாந்தாக்கினார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சிறிய மெல்லிய செங்கல்லைக் குறுக்குச் சாய்வாகச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்துப் பதப்படுத்தி, மேலே தட்டோடு பதிக்கிற 'மெட்ராஸ் டெரஸ்' மச்சை மறுபடியும் போட்டார்கள். ஹுமாயூன் மகாலிலும் பின்னர் இதே வைத்தியம் நடந்தது. மீண்ட கலச மகாலில் இன்று உட்கார்ந்திருப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. ஆற்று மணல், ஏரி ஆக்கிரமிப்பு, ஆலைக் கழிவு என்று தென்னாட்டுச் சுற்றுச்சூழல் வழக்குகள் எல்லாம் அந்தச் சுண்ணாம்புச் சுவர்களுக்குள்தான் விசாரணைக்கு வருகின்றன. யார் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே சித்திரை வெயில் காமராஜர் சாலையை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே சுவரில் கையை வைத்தால் குளிர்ச்சி. கனத்த சுவர் பகலில் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். உயர்ந்த மச்சு சூட்டை மேலே வாங்கிக்கொள்ளும். எங்கள் தாத்தாவுக்கு இந்த விஞ்ஞானத்தின் பெயர் தெரியாது. ஆனால் எங்கள் கூடத்தையும் அவர் அப்படித்தான் கட்டியிருந்தார். எங்கள் மச்சும் அதே மெட்ராஸ் டெரஸ்தான். எரிந்து விழுந்த மச்சையே திரும்பப் போட முடிந்ததென்றால், ஒழுகுகிற மச்சுக்கு வழியில்லாமல் போகுமா?

தம்பியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. மீதிக்காக, அந்தக் கம்பெனியார் வேலை செய்யும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்று இன்னொரு நாள் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன்.

அந்த வண்டி புறப்படுகிற ஸ்டேஷனுக்கு மூர் மார்க்கெட் என்று பெயர். இளம் வயதினருக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயர். 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் எங்கள் தலைமுறைக்குப் பழைய புஸ்தகங்களின் க்ஷேத்திரம். 1985-இல் எரிந்தது. அதற்குக் கலச மகாலின் அதிர்ஷ்டம் இல்லை. அது இருந்த இடத்தில் ஸ்டேஷன் கட்டடம் எழுந்தது. ஸ்டேஷனும் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஒரே நகரத்தில் இரண்டு நெருப்பு, இருபத்தேழு வருஷ இடைவெளி, இரண்டு முடிவு. நெருப்பு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் எரிந்திருக்கும். பிறகு வந்து பார்த்த மனிதர்களின் மனசுதான் மாறியிருக்கிறது.

வண்டி திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்று போகிறது. இந்த ஜில்லாவை ரயில் ஜன்னல் வழியாகவும் பஸ் ஜன்னல் வழியாகவும் பார்த்தால், ஒரு புதுக் கட்டடம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை மின் உலையில் உருக்கிக் கம்பியாக இழுக்கிறார்கள். பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கங்களில் செங்கல் சூளைகள். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுக்கிறார்கள். ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் மணல் எடுத்து எடுத்து ஆற்றின் எலும்பு தெரிகிறது. அத்திப்பட்டுப் பக்கத்து அனல் மின் நிலையத்தின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது, படிந்ததை அள்ளு என்று மீனவர்கள் கேட்டது, இதெல்லாம் அந்தச் சேப்பாக்கம் தீர்ப்பாயத்துக்கே போன விவகாரம். வடக்கே பழவேற்காட்டிலும், தெற்கே எண்ணூரிலும் ஒரு காலத்தில் கிளிஞ்சல் வாரிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். சலவைக் கல் போலப் பளபளத்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்து அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரயாணிகள் அதிசயித்தார்கள்.

சிமெண்டின் கதை வேறு. இந்தியாவின் முதல் சிமெண்டு ஆலையைச் சென்னையில்தான், 1904-இல், தொடங்கிப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கியது நிலைத்தது. அதற்குப் பிறகு சுண்ணாம்புக்கு இறங்குமுகந்தான்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கம்பெனியைச் சேர்ந்த பெண் கும்மிடிப்பூண்டியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் தாய் ஒன்றுதான்: சுண்ணாம்புக் கல், அல்லது கிளிஞ்சல். அதைச் சுட்டால் நூறு பங்கு எடையில் 44 பங்கு கரியமில வாயுவாகப் போய்விடும். சிமெண்டுக்குச் சூளை 1450 டிகிரிச் சூட்டை எட்ட வேண்டும். சுண்ணாம்புக்கு ஆயிரத்துக்குள்ளேயே போதும். பூசின பிறகு சுண்ணாம்பு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. எரித்த விறகின் புகை திரும்பாது. ஆனால் கல் விட்ட மூச்சைப் பெரும்பாலும் கல்லே திரும்ப வாங்குகிறது. சிமெண்டு அப்படி முழுக்கத் திரும்ப வாங்குவதில்லை. உலகத்தில் மனிதர் வெளியிடுகிற கரியமில வாயுவில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமெண்டினால் மட்டும் வருகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

"அதனாலே சிமெண்டே வேண்டாம்னு நாங்க சொல்லலே, சார். இந்த ஷெட்டுக்கெல்லாம் சுண்ணாம்பு சரிப்படாது. ஆனா உங்க வீட்டுச் செங்கல்லை உங்க தாத்தா காலத்திலேயே சுட்டாச்சு. அந்த விறகு எரிஞ்சு போச்சு. அந்தப் புகையும் போயாச்சு. இப்ப அதை இடிச்சா, அந்தப் புகை விட்டதும் வீண், புதுசா இன்னொரு புகையும் விடணும்" என்றாள்.

பசுமைக் கட்டடம் என்று பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். கூரை மேல் புல், சுவரில் கொடி, தானாக அணையும் விளக்கு என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இவள் சொன்னது அவ்வளவு அழகாக இல்லை. ஆனால் என் பாட்டி சொல்லியிருக்கக் கூடியதாக இருந்தது. ஆக்கின சோற்றைக் கொட்டிவிட்டு மறுபடியும் உலை வைக்காதே என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. இன்னொரு விஷயமும் சொன்னாள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரைப் பிரித்தால் செங்கல் முழுசாக வரும். இன்னொரு சுவருக்கு உதவும். சிமெண்டில் கட்டியதைப் பிரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். ஒன்றுக்கு மறுபிறவி உண்டு; மற்றதற்குக் குப்பைமேடுதான் மோட்சம்.

சிமெண்டு என்றதும் ஐரோப்பாவில் ஒருவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரிக்கார்டோ போஃபில் ஸ்பெயின் தேசத்துப் பெரிய கட்டடக் கலைஞர்; 2022-இல் காலமானார். 1973-இல் பார்சிலோனாவுக்குப் பக்கத்தில், மூடிப் போன ஒரு சிமெண்டு ஆலையைப் பார்த்தார். முப்பதுக்கு மேல் குதிர்கள், சுரங்கப் பாதைகள், இயந்திரக் கொட்டகைகள், எங்கும் தூசி. அதை வாங்கித் தம் ஆபீஸாகவும் வீடாகவும் ஆக்கிக்கொண்டார். வெடி வைத்தும் உடைத்தும் வேண்டாததைக் கழிப்பதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. எட்டுக் குதிர்களை வைத்துக்கொண்டு, சுவரெல்லாம் கொடி ஏற்றி, சுற்றிலும் மரங்களை நட்டார். ஊருக்கு வீடு கட்டச் சிமெண்டு அனுப்பிய குதிருக்குள் உட்கார்ந்து அவர் கம்பெனி ஊருக்கு வீடு வரைந்தது. எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தெரிவதுதான் அந்த வித்தை என்று நினைக்கிறேன். நம் திருவனந்தபுரத்து லாரி பேக்கர், 2007 வரை வாழ்ந்தவர், தம் சொந்த வீட்டைக் குன்றின் சரிவில் பழைய கதவு, பழைய ஜன்னல், பழைய மரம் எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டார். பந்தி முடிந்த பிறகு இந்தச் சமையற்காரர்கள் தங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது இதைத்தான்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"போஃபிலுக்கு மகளோட காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்ததா?" என்றான்.

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பழைய கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில் பங்கு இல்லாதவர்கள். சொந்தக்காரனுக்கு அது சுவர், வரி ரசீது, வருஷா வருஷம் ஒழுகல். பழுது பார்ப்பது எப்போதும் மலிவு என்பதும் உண்மையல்ல. சுண்ணாம்பு வேலைக்கு நாள் பிடிக்கும். ஆள் கிடைப்பது அரிது. கிடைத்த ஆளுக்குக் கூலி அதிகம். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசினால், தம்பியைப் போன்றவர்கள் பிளாட்டுக்காரரிடம்தான் போவார்கள்.

பழையதைக் காப்பாற்ற வேறு வழியும் பார்த்தாகிவிட்டது. அண்ணா சாலையில் பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடம் என்று ஒன்று; 1897-இல் கட்டியது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பழமையில் அக்கறை உள்ளவர்கள் ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார்கள். 2010-இல் காப்பாற்ற வேண்டும் என்று தீர்ப்பும் ஆயிற்று. தீர்ப்புக்குப் பிறகும் வருஷக்கணக்கில் அது பாழாகவே நின்றது. இடிக்காதே என்று கோர்ட்டு சொல்லலாம். குடியிரு என்று சொல்ல முடியாது. விளக்கேற்ற ஆள் வந்தால்தான் வீடு பிழைக்கும். கலச மகால் பிழைத்தது, அங்கே தினம் வழக்கு நடக்கிறபடியால்.

ஆகவே எங்கள் வீட்டுக்கும் குடியிருக்க ஒருவர் வருகிறார் என்பதே பெரிய விஷயம் என்று அக்கா சொன்னாள். கம்பெனியார் இரண்டு வருஷ வாடகையை முன்பணமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதை நானும் அக்காவும் தொடாமல் தம்பிக்கு அனுப்புவது என்று பேசி முடித்தோம். பிளாட்டில் வரும் பணத்துக்கு இது எந்த மூலைக்கு என்று அவன் கேட்டான். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவனும் அந்தக் கூடத்தில் தவழ்ந்தவன்தான், சொல்லிக்கொள்ளமாட்டான்.

வேலை தை மாதம் தொடங்கியது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ சுவருக்கு நல்லது என்று நினைத்துப் பூசிய சிமெண்டுப் பூச்சைத்தான் முதலில் கழற்றினார்கள். சுண்ணாம்புச் சுவருக்குள் நிலத்து ஈரம் ஏறும். ஏறினது அப்படியே காற்றில் போய்விடும். சிமெண்டு மூடினால் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும். அந்த இஞ்சினீயர் தட்டியபோது உதிர்ந்தது அந்தப் பூச்சுதான்; அடியில் செங்கல் கெட்டியாக இருந்தது. மச்சுக்குப் போட்ட பதினொரு தேக்குக் கட்டைகளில் இரண்டின் முனையை மட்டும் கரையான் அரித்திருந்தது. இடித்த வீடுகளின் மரத்தை விற்கிற கடை ஒன்றிலிருந்து அதே கனத்தில் இரண்டு வாங்கி வந்தார்கள். எந்தக் குடும்பம் பிளாட் கட்டிக்கொண்டதோ, அதன் உத்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

சுண்ணாம்பு வேலைக்கு எழுபது வயசுக் கொத்தனார் ஒருவர் வந்தார். கோயில் திருப்பணிகளில் வேலை செய்தவர். முற்றத்தில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் மூடி வைத்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய பானையை அக்கா முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "குளத்துலே கரைக்கிறதை நான் செவுத்துலே கரைக்கிறேன், தாயி, பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் அவர். சாந்து பதம் வந்துவிட்டதா என்பதற்கு அவரிடம் ஒரே சோதனை: கரணையைக் கவிழ்த்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், தட்டினால் முழுசாக நழுவ வேண்டும். அவரோடு இரண்டு பையன்கள். சிமெண்டுக்குப் பழகிய கைகள். ஒரே நாளில் முடித்துவிடப் பறந்தார்கள். கிழவர் ஒரு சுவரைத் திரும்பத் திரும்பத் தேய்க்க வைத்தார். பத்தாம் நாள் அதில் ஒருவன் தானாகவே கரணையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆவலே, தாத்தா" என்றானாம். அக்கா இதை எனக்கு டெலிபோனில் சொன்னபோது, மச்சு முடிந்ததைச் சொன்னதைவிடச் சந்தோஷமாகச் சொன்னாள். வீட்டை இடித்திருந்தால் செங்கல் போயிருக்கும். அதை மறுபடியும் சுட்டுக்கொள்ளலாம். அந்தப் பையன் கைக்கு வந்ததை எந்தச் சூளையில் சுடுவது?

இப்போது கூடத்தில் எட்டு மேஜைகள் இருக்கின்றன. முற்றத்து மழைநீர் கொல்லைக் கிணற்றுக்குப் போகிறது. குளிர்சாதனம் ஒரே ஓர் அறைக்கு, அதுவும் கம்ப்யூட்டருக்காக. நீளக் கம்பியில் மின்விசிறிகள் தொங்குகின்றன. திண்ணையை ஒன்றும் செய்யவில்லை. அமாவாசைக்கு வந்தவர்கள் வழக்கம் போல மூட்டையை அவிழ்த்தார்கள். ஆபீஸ் திறந்த அன்று அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏம்மா, நீங்க உட்கார்ற இடம் பழைய வீடு. நீங்க போடற படமெல்லாம் புதுக் கட்டடந்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாக நானும் இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு, கேட்பது மரியாதையல்ல என்று இருந்தேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஆமாம்மா, பெரும்பாலும் அப்படித்தான். போன மாசம் கும்மிடிப்பூண்டியிலே மூடிப்போன ஷெட் ஒண்ணை இடிச்சுட்டுப் புதுசு கட்டணும்னு கேட்டாங்க. தூணெல்லாம் நல்லா இருக்கு, கூரையை மட்டும் மாத்தினாப் போதும்னு எழுதிக் குடுத்தோம். ஒத்துக்கிட்டாங்க. கட்டற செலவுலே இவ்வளவு சதவீதம்னுதான் எங்களுக்கு ஃபீஸ். செலவு குறைஞ்சுது, எங்க ஃபீஸும் பாதியாப் போச்சு" என்றாள்.

அக்கா காலி டம்ளர்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டாள். சமையல் கட்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"நல்ல காரியம் பண்ணினீங்க. மூணாம் வருஷத்துலேயிருந்து வாடகை மட்டும் பாதியாப் போகாமப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.